சத்தம் நின்றவுடன் சப்பைக் கழற்ற வேண்டாம்

"சப் எரிஞ்சிட்டுது அண்ணே, புதுசு ஒண்டு போட்டு விடுங்கோ" என்ற முடிவோடுதான் பலர் வானைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சோதித்தால் சப் (பாஸ் சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கர், சப்வூஃபர்) நல்லாத்தான் இருக்கும். பிழை வயரில் இருக்கும், அதிலும் எர்த்தில் (வானின் தகட்டில் பூட்டும் மைனஸ் வயரில்). திருகோணமலையில் இது அதிகம். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு ஓடுகிற வான்கள் நாள் முழுக்கக் கடற்கரையோரம் நிற்கின்றன. உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும், போல்ட் துருவேறிவிடும்.

முதலில் அம்பின் (சத்தத்தைப் பெருக்கிச் சப்புக்குக் கொடுக்கும் அம்பிளிபயரின்) லைட்டைப் பாருங்கள். எரியவே இல்லை என்றால் சப்பைத் தொட வேலையில்லை. மல்ரிமீற்றரை டீசி வோல்ற்றில் வைத்து அம்பின் பவர் முனையையும் எர்த் முனையையும் தொட்டால் எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ற்று அளவிலும், ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரையும் காட்ட வேண்டும். அது சரி, ஆனால் றிமோட் முனையில் (அம்பை ஓன் பண்ணும் மெல்லிய வயர் வரும் முனை) 12 வோல்ற்று இல்லை என்றால், பாட்டுப் போடும் செற்றின் பின்னால் அந்த மெல்லிய வயர் கழன்றிருக்கும். செற்றை மாற்றிய கையோடு இது அடிக்கடி நடக்கும்.

பவரே வரவில்லையென்றால் பற்றரிக்குப் பக்கத்திலுள்ள பியூஸைப் பாருங்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும். எரிந்த பியூஸில் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றியும், செம்புக் கம்பியைக் குறுக்கே போட்டும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பியூஸ் அம்பைக் காப்பதற்கு இல்லை, கேபிளைக் காப்பதற்கு. கேபிள் கார்ப்பற்றுக்கு அடியில், கதவோரத் தகட்டை உரசிக்கொண்டு போகிறது. உறை தேய்ந்து தகட்டில் பட்டால் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும். பியூஸ் இல்லாவிட்டால் கேபிள் சிவந்து கார்ப்பற் பற்றிக்கொள்ளும். பியூஸ் பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும், அதன் அளவு கேபிளின் தடிப்புக்குப் பொருந்த வேண்டும். மலிவுக் கேபிள்களில் பல, செம்பு பூசிய அலுமினியம். அதே தடிப்புச் செம்பு தாங்குகிற கரண்டை அது தாங்காது. பியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால் பெரிய பியூஸ் போடாமல் எங்கே உரசுகிறது என்று தேடுங்கள்.

அடுத்தது எர்த். சீற் போல்ட்டில் பெயின்ற்றுக்கு மேலேயே முடுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். பாட்டு சத்தமாகப் போகும்போது அம்பின் எர்த் முனைக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் அளந்து பாருங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் சரியில்லை. முதலில் பற்றரி மைனஸைக் கழற்றுங்கள். அப்புறம் தகடு பளபளக்கச் சுரண்டி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். நம்ம ஊரில் கிறீஸை விடக்கூடாது.

லைட் சிவப்பாக எரிந்தால் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். சிவப்பு போய்விட்டால் வயரில் ஷோர்ட், அல்லது சப்பின் ஓம் (மின்தடை) அம்பு தாங்கும் அளவை விடக் குறைவு. இரண்டு 4 ஓம் கோயிலை (சப்புக்குள் இருக்கும் கம்பிச் சுருளை) பிளஸோடு பிளஸும் மைனஸோடு மைனஸும் சேர்த்துப் பரலலாகக் கொடுத்தால் 2 ஓம் ஆகிவிடும். இரண்டு சனலை ஒன்றாக்கிப் பிரிட்ஜ் பண்ணிய அம்புகள் பல அதைத் தாங்காது. கழற்றியும் சிவப்பு போகாவிட்டால் அம்பைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் சப். வயரைக் கழற்றிவிட்டு மல்ரிமீற்றரை ஓமில் வைத்து அளந்தால் 4 ஓம் கோயில் 3க்கும் 4க்கும் இடையில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கோயில் அறுந்துவிட்டது. கோனை (சப்பின் முன்பக்கக் கூம்பை) இரண்டு கையாலும் சமமாக மெதுவாக அழுத்துங்கள். கரகரத்தால் கோயில் உரசுகிறது. கருகிய மணமும் வந்தால் சந்தேகமே இல்லை. பெரும்பாலும் அம்பிலுள்ள கெயினை (செற்றின் சிக்னலுக்கு அம்பைப் பொருத்தும் திருகை) வொலியூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பியதால் வந்த வினை அது. சத்தம் உடைகிற அளவுக்கு அம்பை முறுக்கினால் கோயில் சூடாகிக் கருகும்.

இரண்டு சப் பூட்டியும் பாஸ் குறைந்திருந்தால் 1.5 வோல்ற்று டோர்ச் பற்றரி ஒன்றை எடுங்கள். அம்பு பக்கத்தில் வயரைக் கழற்றி, பற்றரி பிளஸைப் பிளஸ் வயரிலும் மைனஸை மற்றதிலும் ஒரு கணம் தொடுங்கள். இரண்டு கோனும் வெளியே தள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் அந்தச் சப்பின் வயரை மட்டும் மாற்றிப் பூட்டுங்கள்.