ஏடிஎம் அட்டையை வாடகைக்குக் கேட்டால்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுனில் இருபது வயதுப் பிள்ளையிடம் வந்து இப்படித்தான் கேட்பார்கள்: "தம்பி, உன் ஏடிஎம் அட்டையும் பின் நம்பரும் ஒரு மாசத்துக்குக் கொடு. முந்நூறு வெள்ளி தரேன்." கணக்கில் இருப்பதோ பன்னிரண்டு வெள்ளி (ரிங்கிட்). நமக்கு என்ன நஷ்டம் என்று தோன்றும்.

அந்தக் கணக்குக்கு மலாயில் 'அக்காவுன் கெல்டாய்' என்று பெயர், கழுதைக் கணக்கு. ஈப்போவிலோ கிள்ளானிலோ ஒரு பெரியவரைப் போனில் மிரட்டிப் பிடுங்கிய பணம் முதலில் இதில்தான் வந்து விழும். சில நிமிடங்களில் வேறு நாலு கணக்குக்குப் பிரிந்து போகும். கைமாறக் கைமாற யார் பணம் என்றே தெரியாமல் போய்விடும். பணச் சலவை என்பது இதுதான். போலீஸ் தேடி வரும்போது கணக்கில் இருப்பது தம்பியின் பெயரும் ஐசி (அடையாள அட்டை) நம்பரும். அட்டையை வாங்கிப்போனவன் பெயர் எங்கேயும் இருக்காது.

பணச் சலவையைத் தடுக்கும் சட்டம் 2001-இல் வந்தது. தண்டனை 15 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது அந்தப் பணத்தைப் போல ஐந்து மடங்கு அல்லது 50 லட்சம் ரிங்கிட், இதில் எது அதிகமோ அது. "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லித் தப்புவது சுலபமில்லை. எங்கிருந்து வந்த பணம் என்று விசாரிக்காமல் விட்டதையே சட்டம் கேள்வி கேட்கும். 2024-இல் தண்டனைச் சட்டத்திலும் கழுதைக் கணக்குக்கென்றே தனிப் பிரிவுகளைச் சேர்த்திருக்கிறார்கள்.

சரி, நேர்மையாகச் சம்பாதித்தவர் பயப்பட வேண்டுமா? வேண்டாம். ஒரே நாளில் 25,000 ரிங்கிட்டோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டாலும் எடுத்தாலும் வங்கி அதை நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்குத் தெரிவித்தாக வேண்டும். அது பதிவுதான், புகார் அல்ல. இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்து மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தேன் என்றால் அப்படியே சொல்லுங்கள், தாளைக் காட்டுங்கள். கேள்விக்குப் பயந்து இன்றைக்கு 24,000, நாளைக்கு 24,000 என்று பிரித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பதிவிலிருந்து தப்புவதற்காக அப்படிப் பிரிப்பதே தனிக் குற்றம். நல்ல பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வம்பு எதற்கு?

நகைக்கடை, பாஜாக் கடை (அடகுக் கடை), வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் கடை எல்லாம் இதே சட்டத்துக்குள் வருபவைதான். அங்கே ஐசி கேட்டால் கோபப்பட வேண்டாம்.

தெரியாதவர் கணக்குக்குப் பணம் போடுவதற்கு முன்னால் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஏமாந்து அனுப்பிவிட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997-க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் மடக்கப் பார்ப்பார்கள். அட்டையை ஏற்கெனவே கொடுத்துவிட்ட தம்பிகள் முதலில் வங்கியில் சொல்லி அதை முடக்குங்கள். கேட்டவன் அனுப்பிய வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். அப்புறம் அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு நேராக பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போய் ரிப்போர்ட் செய்யுங்கள்.