ப்ளைண்ட் சிக்னேச்சர்னா என்ன? தமிழ்ல பாராக் கையொப்பம்னு சொல்லலாம்

பிளாக்செயின்ல, அதாவது பல கம்ப்யூட்டர்கள்ல ஒரே நேரத்துல வச்சிருக்கிற பொதுப் பதிவேட்டுல, ஓட்டு போடுறத பத்தி பேச்சு வந்தாலே ஒரு கேள்வி வந்து நிக்கும். வந்திருக்கிறது உண்மையான வாக்காளர்தானான்னு பாக்கணும், ஆனா அவர் யாருக்கு போட்டார்னு யாருக்கும் தெரியக்கூடாது, ரெண்டும் சேந்து எப்படி நடக்கும்? அதுக்கு இருக்கிற நல்ல வழிகள்ல ஒண்ணுதான் ப்ளைண்ட் சிக்னேச்சர்.

டேவிட் சாம்ங்கிற அமெரிக்க கிரிப்டோகிராஃபி (தகவலை ரகசியமா காக்குற கணக்கு முறை) நிபுணர் 1982ல முன்வச்சது இது. அவருக்கு வேண்டியிருந்தது டிஜிட்டல் பணம், ஆனா புரியவைக்க எடுத்துக்கிட்டது தபால் தேர்தல். வாக்காளர் ஓட்டுச்சீட்டை உள்பக்கம் கார்பன் தாள் வச்ச கவர்ல போட்டு ஒட்டி, அதை இன்னொரு கவர்ல வச்சு, தன் அட்ரஸோட அதிகாரிக்கு அனுப்பணும். அவர் வெளிக்கவரைப் பாத்து ஆள் லிஸ்ட்ல இருக்கார்னு உறுதி பண்ணிட்டு, உள்கவரைப் பிரிக்காமலே அது மேல கையெழுத்து போட்டு திருப்பி அனுப்புவார், கார்பன் வழியா அது சீட்டுலயும் பதிஞ்சிடும். வாக்காளர் கவரைக் கிழிச்சு சீட்டை மட்டும் எடுத்து, அனுப்புனவர் பேரே இல்லாத புது கவர்ல அனுப்பிடுவார். எண்ணும்போது அதிகாரி தன் கையெழுத்தை அடையாளம் கண்டுக்கலாம், ஆனா எந்த வாக்காளருக்கு கையெழுத்து போட்டுக் கொடுத்த சீட்டுன்னு அவராலயே சொல்ல முடியாது. கம்ப்யூட்டர்ல கார்பனுக்கு பதிலா கணக்கு, அதாவது ஒரு ரகசிய எண்ணை வச்சு ஓட்டை மறைச்சு அனுப்பி, கையெழுத்து வந்ததும் அந்த எண்ணை நீக்கிடுறது.

பிளாக்செயினுக்கு வேலை இதுக்கு அப்புறம்தான், கையெழுத்தான ஓட்டை எல்லாரும் பாக்குற மாதிரி, யாரும் சத்தமில்லாம மாத்த முடியாத மாதிரி வைக்கிறது. அது தானா எதையும் மறைக்காது. 2019ல மாஸ்கோ நகர டூமா (நகர சட்டமன்றம்) தேர்தலுக்கு எத்தீரியம்ங்கிற பிளாக்செயின் அடிப்படையில ஒரு சிஸ்டம் தயார் பண்ணி சோதனைக்கு விட்டாங்க, பியரிக் கோட்ரிங்கிற பிரெஞ்சு ஆய்வாளர் அதோட என்கிரிப்ஷன் சாவி, அதாவது ஓட்டைப் பூட்டி மறைக்கிற எண், நீளத்துல 256 பிட்டுக்கும் குறைவுன்னு கவனிச்சு, சாதாரண கம்ப்யூட்டர்ல சுமார் 20 நிமிஷத்துல உடைக்கலாம்னு காட்டிட்டார். தேர்தலுக்கு முன்னாடியே சாவியை பெருசாக்கிட்டாங்க. ஆனா யோசிங்க, பிளாக்செயின்ல ஏறுனது ஏறுனதுதான், பல வருஷம் கழிச்சு பூட்டு உடைஞ்சாலும் ஓட்டு வெளிய வந்துடும். அப்படி வந்தாலும் பக்கத்துல பேர் இருக்கக்கூடாது, அதுக்குத்தான் ப்ளைண்ட் சிக்னேச்சர்.

இப்ப சொல்லுக்கு வரேன். சிக்னேச்சரோட வேர் லத்தீன் சிக்னும், அடையாளக்குறின்னு அர்த்தம். நம்ம கையொப்பத்துல இருக்கிறது ஒப்புறது, அதாவது சம்மதிக்கிறது, இந்த இடத்துக்கு நம்ம சொல்தான் இன்னும் பொருத்தம், ஏன்னா அதிகாரி ஒப்புக்கிறது இவருக்கு ஓட்டுரிமை இருக்குங்கிற ஒண்ணை மட்டும்தான். ப்ளைண்டை குருட்டுன்னு போட்டா குருட்டுத்தனமா போட்ட கையெழுத்துன்னு ஆகிடுது, ஆளை நல்லா சரிபாத்துட்டுதானே போடுறாரு! மறை கையொப்பமும் தப்பு, கையெழுத்து எல்லாருக்கும் தெரியும், மறைஞ்சிருக்கிறது ஓட்டு. அதனால பாராக் கையொப்பம், பாக்காம போடுறது. உண்ணாவிரதம்னு சொல்றோம்ல, உண்ணாம இருக்கிறது ஆளுதான, அதே அமைப்பு இது.

இதுக்கும் எல்லை உண்டு. கையெழுத்து வாங்கவும் ஓட்டு போடவும் ஒரே போனையும் ஒரே ஐபி முகவரியையும் (இன்டர்நெட்ல நம்ம இணைப்பைக் காட்டுற எண்) பயன்படுத்தினா அதை வச்சே ஆளைப் பிடிச்சிடலாம். அதிகாரி நினைச்சா ஓட்டு போட வராதவங்க பேர்லயும் கையெழுத்து போட்டு கள்ள ஓட்டை உள்ள விடலாம், அதனால மொத்தம் எத்தனை பாராக் கையொப்பம், யார் யாருக்கு கொடுத்தாங்கங்கிற பட்டியலையும் கண்டிப்பா வெளியிடணும்.