சாம்பலா, பச்சையா, இளஞ்சிவப்பா? நிறக்குருடும் டாக்டர் படிப்பும்

பினாங்கோ கோலாலம்பூரோ, வார்டில் ரத்தமும் மருந்தும் ஏற்றக் கை நரம்பில் செருகும் குழாயான பிரானுலாவை நிறம் பார்த்துத்தான் எடுப்பார்கள். 16 கேஜ் சாம்பல், 18 பச்சை, 20 இளஞ்சிவப்பு; எண் கூடக் கூடக் குழாய் மெலியும். சிவப்பு-பச்சை நிறக்குருடு கடுமையாக உள்ளவருக்கு இம்மூன்றும் ஒரே மங்கல் நிறமாகத் தெரியலாம். ரத்தம் வேகமாக ஏற்ற 16 கேட்கும்போது 20 கைக்கு வந்தால், ஓட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். உறையில் அச்சிட்ட எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டு எடுத்தால் இந்தத் தவறு நேராது.

நிறத்தை உணர்வது விழித்திரையின் கூம்பு செல்கள். அவை மூன்று வகை. ஒன்று 420 நானோமீட்டர் நீல ஒளியை அதிகம் உணரும். மற்றவை ஏறத்தாழ 530 (பச்சைக் கூம்பு), 560 (சிவப்புக் கூம்பு). பின்னிரண்டின் மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால், தாய்வழி வந்த பழுது அப்படியே வெளிப்படுகிறது.

1917இல் வெளிவந்த, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா புள்ளிப்படங்கள் குறை உண்டா இல்லையா என்பதை நன்றாகச் சொல்லும். எவ்வளவு என்பதைச் சரியாகச் சொல்லாது. 75 சென்டிமீட்டர் தூரத்தில், பகல் வெளிச்சத்தில், படத்துக்கு 3 விநாடிதான். மஞ்சள் பல்பின் கீழ் காட்டினால் குறையுள்ள சிலரும் தேறிவிடுவார்கள். அந்த ஒரு புத்தகத்தை வைத்துப் பிள்ளையின் டாக்டர் கனவை முடித்துவைப்பது அநியாயம். 15 வண்ண மூடிகளை வரிசைப்படுத்தும் டி-15 சோதனையையும் கேளுங்கள். அதில் தேறினால் குறை பெரும்பாலும் லேசானதே.

படிப்பில் அதிகம் தடுமாற வைப்பது நுண்ணோக்கி. கிருமிகளுக்கு நிறமூட்டும் கிராம் சாயத்தில் ஊதா ஒரு வகைக் கிருமி, இளஞ்சிவப்பு இன்னொன்று. சிலைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் துளையைச் சற்றுக் குறுக்கினால் விளிம்பு எடுப்பாகும். ஈட்டிமுனை போன்ற நிமோனியாக் கிருமியையும் சிறுநீரக வடிவ மூளைக்காய்ச்சல் கிருமியையும் உருவத்தாலேயே பிரிக்கலாம். சாயம் சரியாகக் கழுவப்படாத சிலைடில் நிறம் எல்லோரையுமே ஏமாற்றும்.

சிவப்புக் கூம்பே இல்லாதவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குச் சிவப்பு கறுத்துத் தெரியும். மலத்தில் கலந்த ரத்தம் கண்ணுக்குத் தப்பிவிடும். நர்ஸிடம் "இது சிவப்பா?" என்று கேட்பதில் வெட்கமில்லை, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. சிவப்பு வில்லை வழியே பார்த்தால் இஷிஹாரா புள்ளிப்படத்தின் எண் தெரிந்துவிடலாம். ஆனால் இழந்த நிற உணர்வை அது திருப்பித் தராது.

மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியு விண்ணப்பத்துக்கு முன் சிறப்புத் தகுதிகளில் 'டிடாக் புத்தா வர்ணா' (நிறக்குருடு இருக்கக் கூடாது) என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், டி-15 முடிவை இணைத்து, எந்த அளவு குறை வரை ஏற்பார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள்.