சப்வே: நடக்கும் வழியா, ஓடும் ரயிலா?

சென்னை சென்ட்ரல் வாசலில் நின்று "சப்வே எங்கே?" என்று கேட்டால், சாலைக்கு அடியில் இறங்கும் படிக்கட்டைக் காட்டுவார்கள். நியூயார்க்கில் இதே கேள்விக்கு ரயில் நிலையத்தைக் காட்டுவார்கள். லண்டனில் கேட்டால் திரும்பவும் நடந்து போகும் வழிதான். ஆங்கிலச் சொல் ஒன்றே, பொருள் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது.

ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இதனால் பெரிய கஷ்டமில்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்வார்கள். நமக்குத்தான் கஷ்டம். சப்வே என்றால் 'சுரங்கப்பாதை' என்று ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே போடுகிறோம். 'நியூயார்க் சுரங்கப்பாதையில் கூட்ட நெரிசல்' என்று படிக்கும் தமிழருக்கு தியாகராய நகர் துரைசாமி சப்வேயோ, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையோதான் நினைவுக்கு வரும். செய்தியில் சொல்லப்படுவது ரயில் நிலையம் என்பது மூன்றாவது வரியில்தான் தெரியும். சில செய்திகளில் கடைசி வரை தெரியாது.

சொல்லின் பிறப்பில் குழப்பம் ஏதுமில்லை. 'சப்' என்பது கீழே என்ற பொருள் தரும் லத்தீன் முன்னொட்டு. 'வே' என்றால் வழி. கீழ்வழி, அவ்வளவுதான். அந்த வழியில் மனிதர் நடக்கலாம், வண்டி போகலாம், தண்ணீர்க் குழாய்கூடப் போகலாம். இந்த மூன்றையும் பார்த்த ஒரு சுரங்கம் லண்டனில் இருக்கிறது. தேம்ஸ் நதிக்கு அடியில் 1870-இல் திறக்கப்பட்ட 'டவர் சப்வே' முதலில் கம்பிவடம் இழுக்கும் சிறிய வண்டியோடுதான் தொடங்கியது. சில மாதங்களிலேயே அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் வண்டியை எடுத்துவிட்டு, அரைப் பென்னி வாங்கிக்கொண்டு ஆட்களை நடக்க விட்டார்கள். 1894-இல் பக்கத்திலேயே டவர் பாலம் கட்டணமில்லாமல் திறந்ததும் சுரங்கத்துக்கு ஆள் குறைந்துபோய், 1898-இல் அதை மூடினார்கள். பிறகு அது குழாய்கள் போகும் வழியாகிவிட்டது. சொல்லின் மூன்று பொருளும் ஒரே துளைக்குள் நடந்து முடிந்த கதை இது.

லண்டன் ஒரு காலத்தில் ரயிலுக்கும் இந்தச் சொல்லைச் சூட்டியது. ஆழத்தில் மின்சாரத்தில் ஓடிய உலகின் முதல் பெரிய நிலத்தடி ரயில் 1890-இல் அங்கே திறந்தது. 1884-இல் அந்த நிறுவனம் பதிவானபோது அதன் பெயரில் சப்வே இருந்தது. திறப்பதற்குள் அதை ரயில்வே என்று மாற்றிவிட்டார்கள். பின்னாளில் லண்டன்காரர்கள் ரயிலை 'அண்டர்கிரவுண்ட்' என்றும் 'டியூப்' என்றும் அழைக்கப் பழகினார்கள். சப்வே என்பது சாலைக்கு அடியில் நடப்பதற்கு மட்டும் என்றானது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் மட்டும் 1896-இல் திறந்த தன் ரயிலை இன்றும் சப்வே என்றே அழைக்கிறது.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. பாஸ்டன் நகரத் தெருக்களில் டிராம்கள் ஒன்றன் பின் ஒன்றாக நகர முடியாமல் நிற்க, அவற்றைத் தெருவுக்கு அடியில் இறக்கிவிடுவது என்று முடிவெடுத்து 1897-இல் சுரங்கம் திறந்தார்கள். முதலில் சுரங்கத்துக்குத்தான் அந்தப் பெயர். 1904 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கில் நிலத்தடி ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ரயிலும் நிலையமும் தடமும் எல்லாம் சேர்ந்து சப்வே ஆகிவிட்டன. இன்று நியூயார்க் சப்வேயில் கணிசமான தூரம் இரும்புத் தூண்கள் மேல் ஓடுகிறது. அதுவும் அவர்களுக்குச் சப்வேதான்.

சென்னைக்கு இந்தச் சொல் வந்தது ஆங்கிலேயர் வழியாக, அவர்கள் பொருளோடு. அதனால்தான் நம் சப்வேயில் ரயில் ஓடுவதில்லை. ரயிலுக்கு நமக்கு வேறு சொல் கிடைத்தது: மெட்ரோ. 1863 ஜனவரியில் லண்டனில் பாடிங்டன் முதல் ஃபாரிங்டன் வரை நீராவி இன்ஜினோடு ஓடிய உலகின் முதல் நிலத்தடி ரயிலின் பெயர் 'மெட்ரோபாலிடன் ரயில்வே'. பாரிஸ் 1900-இல் தன் ரயிலுக்கும் 'மெட்ரோபாலிட்டேன்' என்று பெயர் வைத்து, பேச்சில் 'மெட்ரோ' என்று சுருக்கிக்கொண்டது. அந்தச் சுருக்கம்தான் உலகம் சுற்றி 1984-இல் கொல்கத்தாவுக்கும், 2002-இல் தில்லிக்கும், 2015-இல் சென்னைக்கும் வந்தது. கிரேக்கத்தில் 'மெட்ரோபாலிஸ்' என்றால் தாய்நகரம். நம் 'மாநகர்' அதற்குப் பக்கத்தில் நிற்கும் சொல். மாநகர ரயில் என்று சொன்னால் பொருள் சரியாகவே இருக்கும். ஆனாலும் மெட்ரோ என்பது இப்போது ஒரு சேவையின் பெயராகவே நிலைத்துவிட்டது. அதைப் பிடுங்கி எறிய வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மெட்ரோ என்பதும் நிலத்தடி ரயில் என்பதும் ஒன்றல்ல. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே சென்னை மெட்ரோ தொடங்கியபோது அது முழுக்கத் தூண்கள் மேல்தான் ஓடியது. 2017 மே மாதம் திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை திறந்த பிறகுதான் ரயில் மண்ணுக்குள் இறங்கியது. சென்ட்ரலுக்கு வந்து சேர்ந்தது 2018 மே மாதம்.

சரி, சுரங்கம் என்ற சொல்லுக்கு வருவோம். இதன் பழைய வடிவம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. ஊர்காண் காதையில், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் மதுரையைப் பார்க்கக் கிளம்புகிறான். காவற்காடும் அகழியும் சூழ்ந்த கோட்டையை அவன் எப்படிக் கடக்கிறான் என்று இளங்கோவடிகள் சொல்லும்போது, 'பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி மருங்கிற் போகி' என்கிறார். யானைகள் கூட்டமாக, வரிசையாகப் போகும் அளவுக்கு அகன்ற சுருங்கை வீதி! மறைவாகத் தவழ்ந்து போகும் குகையாக அவர் அதைக் காட்டவில்லை. ஊருக்குள் போகிற ஒரு வீதியாகவே காட்டுகிறார்.

சுருங்கை, வடமொழியில் சுருங்கா, இன்றைய சுரங்கம் எல்லாம் ஒரே குடும்பம். வடமொழிச் சொல்லுக்கு மூலம் கிரேக்கத்தின் 'சிரிங்க்ஸ்' என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். சிரிங்க்ஸ் என்றால் குழல், குழாய், நிலத்தடி வழி. ஊசி போடும் சிரிஞ்சும் அதிலிருந்து வந்ததுதான். லண்டன்காரர்கள் ரயிலைக் குழாய் என்று அழைப்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. அதைவிடச் சுவையானது சிலப்பதிகாரத்தின் அடுத்த அடிகள். சுருங்கை வீதியைத் தாண்டிய கோவலன், 'அடல்வாள் யவனர்க்கு அயிராது புக்கு' கோட்டை வாயிலுக்குள் நுழைகிறான். வாளோடு காவல் நிற்பவர்கள் யவனர்கள், அதாவது கிரேக்க, ரோமானிய நாட்டவர். கிரேக்கத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் சொல்லும் யவனக் காவலரும் அடுத்தடுத்த அடிகளில் நிற்கிறார்கள். புலவர் அறிந்து வைத்த பொருத்தமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மதுரை எவ்வளவு திறந்த ஊராக இருந்தது என்பதை அந்தச் சில அடிகள் சொல்லிவிடுகின்றன.

ஆக, நடக்கும் சப்வேக்கும் வாகனம் போகும் சப்வேக்கும் சுரங்கப்பாதை என்பது நல்ல சொல், மக்கள் வாயில் பழகிய சொல். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். நடப்பதற்கு மட்டும் என்று குறிக்க வேண்டிய இடத்தில் 'நடைச் சுரங்கம்' என்று எழுதலாம்.

ரயிலுக்குச் 'சுரங்க ரயில்' என்று எழுதுவதில்தான் எனக்குத் தயக்கம். சுரங்கம் என்ற சொல் தனியாக வந்தால் தமிழர் மனதில் முதலில் எழுவது நெய்வேலியும் கோலாரும். சுரங்க ரயில் என்றால் நிலக்கரி ஏற்றும் ரயிலாகவும் தோன்றலாம். 'பாதாள ரயில்' என்று எழுதுவதும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதாளச் சாக்கடை பக்கத்தில் வந்து நிற்கிறது. 'நிலத்தடி ரயில்' என்பதே தெளிவானது. நிலத்தடி நீர் என்று எல்லோரும் சொல்வதால் விளக்கம் தேவைப்படாது. இலங்கைத் தமிழில் அதையே நிலக்கீழ் நீர் என்பார்கள். அவர்கள் வழக்கில் நிலக்கீழ் தொடருந்து என்று சொன்னால் அழகாகப் பொருந்தும். நியூயார்க் செய்திக்கு 'நிலத்தடி ரயில் நிலையம்' என்று எழுதிவிட்டால் போதும், கணேசபுரம் குறுக்கே வராது.

சுரங்கப்பாதை, நிலத்தடி ரயில் என்ற இந்த இரண்டு சொற்களும் ஒரே இடத்தில் ஏன் தேவைப்படுகின்றன என்று பார்க்க சென்ட்ரலைவிட நல்ல இடம் இல்லை. பெரியார் ஈ.வெ.ரா. சாலைக்கு வடக்கே 1873-இல் திறந்த சென்ட்ரல். அதை ஒட்டி மூர் மார்க்கெட் வளாகம், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் புறநகர் ரயில்களுக்கு. சாலைக்குத் தெற்கே, கடற்கரை–தாம்பரம் தடத்தின் பார்க் ஸ்டேஷன். அதற்கும் அப்பால், பெரும்பாலும் தூண்கள் மேல் ஓடி வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலின் பூங்கா நகர் நிலையம். (பறக்கும் ரயில் என்ற பெயரை எந்தக் குழு கூடி முடிவுசெய்திருந்தாலும் இவ்வளவு அழகாக அமைந்திருக்காது.) நடுவே மண்ணுக்கடியில் மெட்ரோ. விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் போகும் நீல வழித்தடமும், இங்கே தொடங்கிப் பரங்கிமலை போகும் பச்சை வழித்தடமும் வெவ்வேறு தளங்களில், ஒன்றின் கீழ் ஒன்றாக. இவ்வளவையும் கோத்து வைப்பது நடைச் சுரங்கங்கள்தான். நிலத்தடி ரயிலிலிருந்து இறங்கி, சுரங்கப்பாதையில் நடந்து, பறக்கும் ரயிலில் ஏறலாம். சப்வே என்ற ஒரே சொல்லோடு இந்த வழியை ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள், முடியாது.

இப்படிப்பட்ட நிலையத்தை ஆங்கிலத்தில் 'இன்டர்சேஞ்ச்' என்பார்கள். நாம் உடனே 'சந்திப்பு' என்று போட்டுவிடுகிறோம். சந்திப்பு நல்ல சொல். முச்சந்தி, நாற்சந்தி என்று தெருவிலும் உண்டு. மதுரை சந்திப்பு, விழுப்புரம் சந்திப்பு என்று ரயில்வே பலகையிலும் உண்டு. திருநெல்வேலியில் 'ஜங்ஷன்' என்பது ரயில் நிலையத்தைத் தாண்டி ஒரு பகுதிக்கே பெயராகிவிட்டது. ஆனால் விழுப்புரத்தில் சந்திப்பவை தண்டவாளங்கள். பயணி வண்டியை விட்டு இறங்காமல் தூங்கிக்கொண்டே போனாலும் அது சந்திப்புதான். சென்ட்ரல் மெட்ரோவிலோ மாறுபவர் மனிதர். அவர் இறங்கி, படியேறி, இன்னொன்றில் ஏற வேண்டும்.

ஜப்பானிய மொழியில் இதற்கு 'நோரிகாயே', ஏறுவதை மாற்றுதல். ஜெர்மானியர் 'உம்ஸ்டைகன்' என்கிறார்கள், அதிலும் ஏறுதல் என்ற வினைதான் அடிப்படை. நம்மிடமும் அந்த வினை தயாராக இருக்கிறது. "சென்ட்ரல்ல மாறணும்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். இதிலிருந்து 'மாற்று நிலையம்' என்று ஆக்கினால் சிக்கல் வரும். மாற்றுப் பாதை, மாற்று ஏற்பாடு என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, இது ஏதோ மூடிய நிலையத்துக்குப் பதிலாக வைத்தது என்று தோன்றும். 'பரிமாற்ற நிலையம்' என்றால் பணமோ சரக்கோ கைமாறும் இடம் போல இருக்கிறது.

'மாறுநிலையம்' என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நிலையமா மாறுகிறது என்று யாராவது கேட்கலாம். தங்குமிடத்தில் இடம் தங்குவதில்லை, இறங்குதுறையில் துறை இறங்குவதில்லை. தமிழில் இந்த அமைப்பு எல்லோருக்கும் இயல்பாகவே புரிகிறது.

மாறுவதிலும் இரண்டு வகை இருக்கிறது. அதைப் பலகையில் பிரித்துக் காட்டினால் புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய உதவி. நீலத்திலிருந்து பச்சைக்கு மாற, டிக்கெட் கதவைத் தாண்ட வேண்டியதில்லை. அதே டிக்கெட்தான். அதை 'உள்மாற்றம்' எனலாம். பார்க் ஸ்டேஷனுக்கோ மாநகரப் பேருந்துக்கோ போக, கதவைத் தாண்டி வெளியே வர வேண்டும். அது 'வெளிமாற்றம்'. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்க முடிகிறது. அப்படி எடுத்தவருக்கும் கதவைத் தாண்டுவது மாறாது, டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். 'பறக்கும் ரயிலுக்கு வெளிமாற்றம், நடைச் சுரங்கம் வழியாக' என்று ஓர் அம்புக்குறியோடு எழுதி வைத்தால், கையில் பெட்டியோடு முதல் தடவை ஊருக்கு வருகிறவர் யாரையும் நிறுத்திக் கேட்காமலே போய்விடலாம்.