நாமினி வேறு, வாரிசு வேறு

போன மாதம் என் அலுவலகத்துக்கு வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கூடவே யு.கே.ஜி. படிக்கும் மகன். கணவர் மாரடைப்பில் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் பெயரில் இருந்த வைப்புத்தொகையைக் கேட்டு வங்கிக்குப் போனால், பணம் ஏற்கெனவே அவருடைய அண்ணன் கைக்குப் போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனை நாமினியாகப் போட்டவர், அப்புறம் மாற்றவே இல்லை. “நாமினி அவர்தானாம் சார், எனக்கு ஒன்றும் கிடையாதாம்” என்றார். அண்ணன் வீட்டில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இருபது வருடமாக வாரிசுரிமை வழக்குகள் நடத்துகிறேன். இதே வார்த்தையைப் பேராசிரியர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன், வங்கியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

கணக்குக்காரர் இறந்துவிட்டால் பணத்தை யாரிடம் ஒப்படைத்தால் தன் பொறுப்பு தீரும் என்பதுதான் வங்கியின் கவலை. அந்தக் கவலைக்குப் பதில்தான் நாமினி. வங்கி நாமினியிடம் கொடுத்தது சரி, அதில் குற்றமில்லை. ஆனால் வாங்கியவர் அதை வாரிசுகளுக்காக வாங்கியிருக்கிறார். தனக்காக வாங்கவில்லை. ஆயுள் காப்பீட்டுப் பணத்தில் 1983-இலும், வங்கி வைப்பில் 2010-இலும், கம்பெனிப் பங்குகளில் 2023-இலும் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது. காப்பீட்டில் மட்டும் 2015-இல் ஒரு திருத்தம் வந்தது: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பலன் அவர்களுக்கே என்று. அதையும் எல்லா நீதிமன்றங்களும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை என்பதால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

2025 நவம்பர் முதல் வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், சதவீதமும் பிரித்துக் காட்டலாம். நல்ல வசதிதான். ஆனால் சதவீதம் எழுதியதும் பாகம் பிரித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இல்லை ஐயா, இல்லை. யார் யார் கையில் எவ்வளவு வாங்குவார்கள் என்பது மட்டுமே அது.

அப்படியானால் உரிமை யாருக்கு? உயில் இருந்தால் உயிலின்படி. இல்லாவிட்டால் அவரவருக்குப் பொருந்தும் வாரிசுரிமைச் சட்டப்படி. இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. தகப்பனார் அந்த முதல் வரிசையில் இல்லை என்று சொன்னால் பல வீடுகளில் நம்புவதே இல்லை. மகளுக்குக் கல்யாணத்தில் போட்ட நகையோடு கணக்கு முடிந்தது என்பதும் சட்டத்தில் இல்லாத பேச்சு.

உயில் என்றதும் “அதற்கெல்லாம் நமக்கு என்ன சொத்து இருக்கிறது” என்பார்கள். ஒரு வைப்புத்தொகையும் ஒரு வீட்டு மனையும் போதும், உடன்பிறந்தவர்கள் பேசாமல் போக. வெள்ளைத்தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள்; கையெழுத்தே அவருடையது இல்லை என்று பின்னால் கிளம்புகிற வாதம் பெரும்பாலும் அதிலேயே அடங்கும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். உங்களைவிட வயதில் சின்னவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாகப் பாருங்கள். உயிலை நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கும். சாட்சிகள் இருவருமே காலமாகிவிட்ட உயிலோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது, அவர்கள் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்றைக்கே பீரோவைத் திறங்கள். வைப்பு ரசீது, பாலிசி, மியூச்சுவல் ஃபண்ட், டீமேட் ஒவ்வொன்றிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கல்யாணம், குழந்தை, மரணம், விவாகரத்து, எது நடந்தாலும் அடுத்த வாரமே மாற்றுங்கள். உயிலில் யாருக்கு எழுதுகிறீர்களோ அவரையே நாமினியாகவும் போட்டால் பாதித் தகராறு கிளம்பாது. மூலப் பத்திரம் எங்கே, லாக்கர் எந்த வங்கியில் என்பது வீட்டில் இன்னொருவருக்காவது தெரியட்டும். பத்து வருடம் யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். பிறகும் கேட்டு வாங்கலாம்தான், ஆனால் அப்படி ஒரு பணம் இருந்ததே தெரியாதவர் எதைக் கேட்பார்? பெண்களிடம் ஒரு வேண்டுகோள்: கணவரிடம் இதையெல்லாம் கேட்பது அபசகுனம் என்று தயவுசெய்து ஒதுங்காதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு பி.எஃப். பணம் மட்டும் சிக்கலில்லாமல் வந்தது. கல்யாணத்துக்கு முன் செய்த நாமினி நியமனம் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும் என்று அந்தத் திட்டத்திலேயே விதி இருக்கிறது. வைப்புத்தொகைக்கு அப்படி ஒரு விதி இல்லாததால் அண்ணனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று என மூன்று பங்குதான் சட்டப்படி உண்டு, அண்ணனுக்கு இல்லை. அந்தத் தாய் பெரிய மகன் வீட்டில்தான் இருக்கிறார். தனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது நோட்டீஸ் போன பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது.