நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ணக் கூடாதா?

வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களின் ஆங்கிலத்தைத் திருத்துவது என் அன்றாடப் பணி. போன வாரம், டிப்ளமோ முடித்துப் பட்டறையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு தம்பி தன் விண்ணப்பத்தை எடுத்து வந்தார். ஒரே பக்கத்தில் 'எக்விப்மென்ட்ஸ்' மூன்று இடங்களில், 'இன்ஃபர்மேஷன்ஸ்' ஓரிடத்தில். நான்கிலும் கடைசி 'எஸ்' எழுத்தைச் சிவப்பு மையால் அடித்தேன். "சார், பட்டறையில் ஆறு மெஷின்கள் இருந்தன. எண்ணலாம்தானே?" என்றார்.

நியாயமான கேள்வி. எண்ண முடிந்தால் கவுண்டபிள், பன்மைக்கு 'எஸ்' வரும்; முடியாவிட்டால் அன்கவுண்டபிள், 'எஸ்' வராது என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கும் சூத்திரத்தில்தான் ஓட்டை. தண்ணீருக்கும் மணலுக்கும் அது சரிப்படும். ஃபர்னிச்சர், லக்கேஜ், அட்வைஸ், ஹோம்வொர்க் என்று வந்தால் கைவிட்டுவிடும். எண்ண முடியுமா என்று பொருளைப் பார்த்துக் கேட்கக் கூடாது. சொல்லைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

நம் பணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டு நோட்டாக எண்ணுகிறோம். ஆனால் "ஐந்து பணம் கொடுங்கள்" என்று இன்று யாரும் கேட்பதில்லை. முன்பு கேட்டார்கள்! அப்போது பணம் என்பது ஒரு நாணயத்தின் பெயர். கம்பெனி காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். நாணயம் வழக்கொழிந்தது; சொல் பொதுப்பெயராக நின்று, எண்ணிக்கையை இழந்தது. ஆங்கிலத்தில் பட்டாணிக்கு இதன் மறுதலை நடந்தது. 'பீஸ்' என்பது முன்பு அரிசியைப் போல ஒட்டுமொத்தப் பெயர். கடைசி ஒலியைப் பன்மை விகுதி என்று மக்கள் எடுத்துக்கொண்டதால், 17ஆம் நூற்றாண்டு வாக்கில் 'பீ' என்ற ஒருமை பிறந்தது. பட்டாணி என்னவோ அதே பட்டாணிதான்.

எண்ணியே ஆக வேண்டுமென்றால், ஒரு குடம் தண்ணீர், இரண்டு படி அரிசி என்பதுபோல ஓர் அளவைச் சொல்லை முன்னால் வையுங்கள்: 'எ வேர்ட் ஆஃப் அட்வைஸ்', 'டூ ஐட்டம்ஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'.

இன்னொரு வகைதான் எனக்குப் பெரிய கவலை. 'எக்ஸ்பீரியன்ஸ்' என்றால் பணி அனுபவம்; 'எஸ்' சேர்த்தால் வாழ்க்கையில் நேர்ந்த நிகழ்வுகள். இலக்கணப் பிழையாகக் கண்ணில் படாமல் பொருளையே மாற்றிவிடும். ஐயம் வந்தால், கற்போருக்கான ஆங்கில அகராதியைத் திறந்து, சொல்லுக்குப் பக்கத்தில் கவுண்டபிளைக் குறிக்கும் 'சி' (C) இருக்கிறதா, அன்கவுண்டபிளைக் குறிக்கும் 'யு' (U) இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியிலேயே இந்தப் பாகுபாடு உண்டு.

அந்தத் தம்பியிடம் 'எக்விப்மென்ட்' என்பதையே எடுத்துவிடச் சொன்னேன். 'சிக்ஸ் மெஷின்ஸ்' என்று எழுதி, ஒவ்வொன்றின் பெயரையும் கீழே சேர்த்தார். லேத், மில்லிங், டிரில்லிங் என்று அவர் கையாண்டது அத்தனையும் அப்போதுதான் தாளில் வந்தது.