ஒலிம்பிக் நீச்சல் தேர்வு: மூன்றாவது வரப்போவது யார் என்று பாருங்கள்

அமெரிக்க ஒலிம்பிக் நீச்சல் தேர்வுப் போட்டி நெருங்கினால் ரசிகர்கள் யார் ஜெயிப்பார் என்று கணக்குப் போடுவார்கள். நீச்சல்குளத்தோரம் நிற்கும் பயிற்சியாளர்களின் கவலை வேறு: மூன்றாவதாக வரப்போவது யார்? ஒரு போட்டிக்கு ஒரு நாடு இரண்டு பேரைத்தான் அனுப்ப முடியும். அந்த ஒரு இறுதிப் பந்தயத்தில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் ஒலிம்பிக் போவார்கள். மூன்றாமவர் கையில் உலக சாதனையே இருந்தாலும் அந்தப் போட்டியில் இடம் கிடையாது. தேர்வாளர்களின் தயவு, பழைய பதக்கம் எதுவும் எடுபடாது.

இது எவ்வளவு கடுமையானது என்பதற்கு 2024 ஜூனில் இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடந்த பெண்கள் 100 மீட்டர் பட்டர்ஃப்ளை (இரு கையையும் ஒன்றாக வீசி நீந்தும் பாணி) ஒன்றே போதும். அரையிறுதியில் கிரெட்சன் வால்ஷ் 55.18 வினாடியில் உலக சாதனை படைத்தார். மறுநாள் இறுதியில் வால்ஷ் 55.31, டோரி ஹஸ்கி 55.52, ரீகன் ஸ்மித் 55.62. ஸ்மித்துக்கு அந்தப் போட்டியில் கதவு மூடியது. அடுத்த மாதம் பாரிஸில் ஹஸ்கி 55.59ல் தங்கம் வாங்கினார், வால்ஷ் 55.63ல் வெள்ளி. ஊரில் மூன்றாவதாக வந்தவரின் நேரம் ஒலிம்பிக் வெள்ளியைவிட 0.01 வினாடி வேகம்!

நம் ஊரில் நேரத்தைத் துரத்துவதுதான் பழக்கம். நெய்வேலியில் வளர்ந்த சாஜன் பிரகாஷ் 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38ல் முடித்து டோக்கியோவுக்கு நேரடியாகத் தகுதி பெற்றார். தேவைப்பட்டது 1:56.48. பக்கத்து லேனில் யார் நீந்தினார் என்பது அங்கே பொருட்டில்லை. அமெரிக்கத் தேர்வில் பெரும்பாலான போட்டிகளில் பக்கத்து லேன்தான் எல்லாமே.

எனவே வீரர்களை அவரவர் சிறந்த நேரப்படி வரிசைப்படுத்திய பந்தயப் பட்டியல் கைக்கு வந்ததும் முதல் பெயரைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். இரண்டாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 100 மீட்டரில் அது அரை வினாடிக்குள் இருந்தால் யார் வேண்டுமானாலும் இடம் பிடிக்கலாம். பிறகு ஒவ்வொரு நேரமும் எப்போது நீந்தியது என்று தேடுங்கள். சென்ற கோடையில் பெரிய போட்டியில், முழு ஓய்வோடு எடுத்த நேரமும், ஜனவரியில் கடும் பயிற்சிக்கு நடுவே எடுத்த நேரமும் பட்டியலில் ஒன்றுபோலத்தான் தெரியும். போட்டிக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு பயிற்சித் தூரத்தைப் பாதியளவுக்குக் குறைத்து, வேகத்தை மட்டும் குறைக்காமல் வைத்திருப்பார்கள். இதைத்தான் டேப்பர் என்கிறோம். அது சரியாக அமைந்தால் 2 சதவீதம் வரை கிடைக்கும். ஒரு நிமிடப் பந்தயத்தில் அது 1.2 வினாடி, அதாவது ஆறாவது இடத்தில் இருப்பவரை இரண்டாமிடத்துக்குக் கொண்டுவரும் அளவு. டேப்பர் தவறினால் நிலைமை தலைகீழ். ரியோவில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் வாங்கிய சிமோன் மேனுவல் 2021 தேர்வில் அரையிறுதியிலேயே ஒன்பதாவதாக வெளியேறினார். உடல் தாங்காத அளவு பயிற்சியின் விளைவு அது என்று பிறகு சொன்னார். அதே வாரத்தில் 50 மீட்டரை ஜெயித்து அணிக்குள் வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கல்லூரி வீரர்களிடம் இன்னொரு கண்ணி உண்டு. அவர்களுடைய சீசன் 25 கெஜக் குளத்தில், மார்ச்சில் முடியும். 100 கெஜத்தில் மூன்று டர்ன், அதாவது சுவரைத் தொட்டுத் திரும்புவது. 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு ஒரே டர்ன். சுவரை உதைத்து நீருக்கடியில் 15 மீட்டர் வரை டால்ஃபின் கிக் (இரு காலையும் சேர்த்து உதைப்பது) அடித்து ஜெயிப்பவருக்கு நீளக் குளத்தில் அந்த வாய்ப்பு சுருங்கிவிடும். மார்ச் தலைப்புச் செய்திகளை நம்பி ஜூனைக் கணிப்பவர்கள் ஒவ்வொரு தேர்விலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

காலையில் நடக்கும் ஹீட்ஸை, அதாவது முதல் சுற்றுப் பந்தயங்களைப் பார்க்கவும் ஒரு முறை உண்டு. முன்னணி வீரர்களைக் கடைசி மூன்று ஹீட்களில் பிரித்துப் போடுவார்கள். அதனால் ஹீட்டில் முதலாவது வந்தார் என்பதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. 200 மீட்டரில் முதல் 150 எப்படிப் போனது, கடைசி 50ல் தலையைத் தூக்கிப் பக்கம் பார்த்து அடக்கி நீந்தினாரா, இல்லை உண்மையாகவே தளர்ந்தாரா என்று கவனியுங்கள். இரண்டாவது 50ல் எத்தனை கைவீச்சு, கடைசி 50ல் எத்தனை என்று எண்ணினால் போதும். எண்ணிக்கை எகிறியும் வேகம் இறங்கினால், இறுதிக்கு மிச்சம் அதிகமில்லை.

2021ல் ஒமாஹாவில் நடந்த பெண்கள் 200 மீட்டர் மெட்லியை (நான்கு பாணியும் கலந்த பந்தயம்) யாரும் சரியாகக் கணித்திருக்க முடியாது. அலெக்ஸ் வால்ஷ் 2:09.30, கேட் டக்ளஸ் 2:09.32, மேடிசின் காக்ஸ் 2:09.34. இரண்டு நிமிடத்துக்கு மேல் நீந்திய மூவருக்கும் மொத்த இடைவெளி 0.04. இப்படிப்பட்ட பந்தயத்தில் கடைசி வீச்சு நீளமாக விழுந்து விரல்நுனி பலகையைத் தொட்டதா, அரைவீச்சில் மாட்டிக்கொண்டு சறுக்கி வந்து தொட்டதா என்பதே விதி. அதே வாரத்தில் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் (மல்லாந்து நீந்தும் பாணி) அப்போதைய உலக சாதனையாளர் ரீகன் ஸ்மித் அந்த பேக்ஸ்ட்ரோக் போட்டியிலேயே மூன்றாவதானார். இரண்டு நாள் முன்பு 200 பட்டர்ஃப்ளையில் இரண்டாமிடம் பிடித்து, பிறகு டோக்கியோவில் வெள்ளியும் வாங்கினார். எனவே பெயர்களை மட்டும் பார்க்காமல் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இவர் இந்தப் பந்தயத்துக்கு வருமுன் எத்தனை தடவை நீந்தியிருப்பார்?

ஒரு கணக்கையும் புரிந்துகொண்டால் பந்தயங்களின் சூடு விளங்கும். பெண்களுக்கோ ஆண்களுக்கோ தனிநபர் போட்டி 14. இருவர் வீதம் 28 இடம். நால்வர் அணியாக நீந்தும் தொடர் நீச்சலுக்காக (ரிலே) 100, 200 ஃப்ரீஸ்டைலில் ஆறாமிடம் வரை எடுப்பார்கள், அது கூடுதலாக 8. மொத்தம் 36. அணியின் உச்சவரம்போ 26. ஒரே ஆள் இரண்டு, மூன்று போட்டியில் தேர்வானால்தான் கணக்கு இடிக்காது. அதுவரை 100 மீட்டரில் ஆறாவதாக வந்தவர், ஏற்கனவே தேர்வான வேறொருவர் பட்டர்ஃப்ளையில் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பார். வரிசை இதுதான்: போட்டி வெற்றியாளர்களும் தொடர் நீச்சலின் முதல் நால்வரும், அடுத்து இரண்டாமிடம், அடுத்து ஐந்தாமவர், கடைசியில் ஆறாமவர்.

ஸ்டார்ட்டை மறக்காதீர்கள். 2004ல் ஆஸ்திரேலியத் தேர்வில் 400 மீட்டர் ஒலிம்பிக் சாம்பியன் இயான் தோர்ப் ஹீட்டிலேயே மேடையிலிருந்து நிலைதடுமாறி விழுந்து தகுதியிழந்தார். இரண்டாமிடம் பிடித்த கிரெய்க் ஸ்டீவன்ஸ் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததால்தான் தோர்ப் ஏதென்ஸுக்குப் போய்த் தங்கம் வாங்கினார்.

2028 லாஸ் ஏஞ்சலிஸில் பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை மூன்றிலும் 50 மீட்டர் சேர்கிறது. 17 போட்டி, 34 இடம், தொடர் நீச்சலோடு 42. உச்சவரம்பு உயராவிட்டால் 16 இடங்களை இரட்டைத் தேர்வுகள் விழுங்கியாக வேண்டும். 100 மீட்டரில் ஐந்தாவதோ ஆறாவதோ வருபவருக்கு இதுவரை இல்லாத நெருக்கடி அது.